கம்பி மட்டும் மிஞ்சிய மாலை

பாலாவியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு கழுதை டீச்சர் ஒருவரின் பூமாலையைத் தின்றுவிட்டது. இந்தப் பக்கத்துக் கழுதைகளைக் கட்டி வைக்க ஒருவனுக்கும் துப்பில்லை. கற்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு டீச்சர்மார். மாலையைப் பறிகொடுத்த இளையவரின் மடியில் ஒரு பூவும் இல்லாத கம்பி வளையம் கிடந்தது. மூத்தவரை அக்கா முறையில் 'ராத்தா' என்று கூப்பிட்டார்.

"ராத்தா, மாலை போட வேண்டிய பிரதம அதிதி இப்ப ஸ்கூலுக்கு வந்திருப்பார். வெறும் கம்பியோட போனா பிரின்சிபல் என்னத் தொலைச்சிருவார்."

மூத்தவர் இங்கிலிஸ் படிப்பிக்கிறவர். அவருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை.

"மாலைய கார்லண்ட் எண்டு சொல்றமே, அது பிரெஞ்சுல இருந்து வந்த சொல்லு. அதுக்கும் முதல், முறுக்கின தங்கக் கம்பியத்தான் அப்பிடிச் சொன்னாங்க எண்டு ஒரு கதை இருக்கு. நிச்சயமில்ல."

"அப்ப பூ?"

"பூ பொறகு வந்து ஒட்டினது. கழுதை தின்டது அதைத்தான்."

"இது தங்கமும் இல்லையே ராத்தா. துருப்பிடிச்சிருக்கு."

"அந்தக் காலத்துல இங்கிலிஸ்காரன் அதத் தலையிலதான் வெச்சிருக்கான்."

"நம்மட அதிதிட தலையில மயிரும் இல்ல. குத்தும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு இளையவர் சொன்னார்:

"சரி, நான் கம்பியையே போடுறன். ஆனா இந்தக் கதைய நீங்கதான் மைக்ல சொல்லணும்."

மூத்தவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பிக் கூப்பிட்டார்.

"கண்டக்டர் தம்பி, மதிலுக்கு மேல பூத்திருக்கிற வீடு ஏதும் கண்டா பெல் அடிங்க."