கான்டசாவுக்கு ரெண்டு அங்குலம்

ஜீனத்: ...இல்லங்க, மறுபடியும் இழுத்துப் பாத்துட்டேன். சீட் பெல்ட்டு நல்லா வருது. மாட்டற பூட்டத்தான் காணோம்.

சைஃபுல்லா: காணோமா? நேத்து என் கையாலதானே போல்ட்டு போட்டு முறுக்கினேன்.

ஜீனத்: முறுக்கினீங்க. அது சீட்டுக்குள்ள முழுகிக் கெடக்குது. விரல விட்டுத் துழாவினாத்தான் செவப்பு பட்டனே தட்டுப்படுது.

சைஃபுல்லா: நீ எறங்கு. நான் உக்காந்து பாக்கறேன்.

ஜீனத்: தல பத்திரம்.

சைஃபுல்லா: முப்பது வருஷமா கார் சீட்டு தைக்கறவனுக்கு நீ சொல்றியா... ஆ.

ஜீனத்: சொன்னேன்ல.

சைஃபுல்லா: கூரை எப்ப இவ்ளோ கீழ வந்துச்சு?

ஜீனத்: கூரை எங்கயும் வரல. டிரைவர் சீட்டுதான் மேல போயிருக்கு. நான் உக்காந்தா கால் தொங்குது, பிரேக்கே எட்டல. ஸ்டீயரிங் தொடையில இடிக்குது.

சைஃபுல்லா: பக்கத்து சீட்டு சரியாத்தானே இருக்கு. ரெண்டும் ஒரே அளவுதான வெட்டினோம்?

ஜீனத்: ...ஒரே அளவுதான்.

சைஃபுல்லா: என்ன இழுக்கற?

ஜீனத்: நான் எங்க இழுத்தேன்? நீங்கதான் என் மூஞ்சியப் பாக்காம பேசறீங்க.

சைஃபுல்லா: மணி மூணே கால் ஆச்சேன்னு கடியாரத்தப் பாத்தேன். நாலு மணிக்குத் தருமன் அண்ணன் பொண்டாட்டியோட வந்துடுவாரு. நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலப் பாதையில காரை விடமாட்டான். இன்னிக்கே தனம் அக்காவ உக்கார வெச்சு மலையச் சுத்திடணும்னு காலையில கூட போன் பண்ணாரு.

ஜீனத்: பாவம், அந்த மனுஷன் இந்தப் பழைய கான்டசா காருக்கு அலைஞ்ச அலைச்சல் கொஞ்சமா நஞ்சமா? தன்னோட லாட்ஜ மேனேஜர்கிட்ட விட்டுட்டு மூணு நாள் புதுப்பேட்டை பழைய கார் சாமான் கடைங்கள்லயே கெடந்து, அந்தக் காலத்து பெல்ட்டத் தேடிப் புடிச்சுக்கினு வந்தாரே.

சைஃபுல்லா: எல்லாம் ஒரிஜினலா இருக்கணும் அவருக்கு. மெரூன் துணியில தையல் வரி பன்னெண்டு வந்துடுச்சுன்னு உன்னப் பிரிக்க வெச்சாரே, ஞாபகம் இருக்கா?

ஜீனத்: மறப்பேனா? கம்பெனி போட்டது பதினொண்ணாம். பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து எண்ணினாரு. எனக்குக் கோவம் வந்துச்சு, அப்புறம் சிரிப்பு வந்துச்சு.

சைஃபுல்லா: அவரு மட்டும் என்ன பண்ணுவாரு? ஆறு மாசமா அக்கா இந்தக் கார்ல ஏற மாட்டேங்குதே. சீட்டு நாறுது, கொமட்டுதுன்னுச்சாம். அப்புறம் பெல்ட்டு அறுந்திருக்கு, போலீஸ் புடிப்பான்னுச்சாம். எங்க போனாலும் ஆட்டோ. அவரையும் தனியா கார எடுக்க விடறதில்ல. ‘சொந்தக் கார் வெச்சிக்கினு ஆட்டோவுல போறேன் பாய்’னு அழாத கொற.

ஜீனத்: பழைய சீட்டப் பிரிச்சப்போ எனக்கு ஒரு நாத்தமும் தெரியலங்க.

சைஃபுல்லா: எனக்கும் தெரியல. அது என்னவோ, அவங்க மூக்கு அப்படி. சரி, கத்தரியக் குடு. ஓரத்தப் பிரிச்சு உள்ள என்னன்னு பாத்துடறேன்.

ஜீனத்: வேணாம்.

சைஃபுல்லா: ஏன்?

ஜீனத்: நான் பிரிக்கறேன். நீங்க போய் டீ வாங்கினு வாங்க.

சைஃபுல்லா: நீ போய் வாங்கினு வா. நான் பிரிக்கறேன்.

ஜீனத்: நீங்க எப்பங்க மேல் துணியில கை வெச்சீங்க? ஸ்பிரிங்கும் அடி ஃபோமும் உங்க வேல, மேல் ஃபோமும் தையலும் என் வேல.

சைஃபுல்லா: அதான் சொல்றேன், அடியில பாக்கணும்னா நான்தான் பாக்கணும்.

ஜீனத்: அடியில ஏன் பாக்கணும்?

சைஃபுல்லா: ...ஜீனத். கையக் கட்டிக்கினு நிக்காத. என்ன பண்ண நீ?

ஜீனத்: ரெண்டு அங்குலம்.

சைஃபுல்லா: என்ன ரெண்டு அங்குலம்?

ஜீனத்: மேல ஃபோம் ரெண்டு அங்குலம் கூட வெச்சேன். போன வெள்ளிக்கிழம, நீங்க ஜும்மாவுக்குப் போயிருந்தப்போ. தனம் அக்கா வந்து கேட்டாங்க.

சைஃபுல்லா: அக்காவா?

ஜீனத்: கார் ஓட்டக் கத்துக்கினாங்க. வேங்கிக்கால்ல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல. தெனம் காலையில கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவாங்களாம். லைசென்ஸே வந்துடுச்சு. தலகாணி வெச்சாத்தான் ரோடு தெரியுதுன்னு, இங்கயே உக்கார வெச்சு அளவெடுத்தேன். அவருக்குத் தெரியக் கூடாதுன்னு கையப் புடிச்சிக்கினாங்க. உங்ககிட்டயும் சொல்லக் கூடாதாம், நீங்க ஓட்ட வாயாம்... ஏன் சிரிக்கறீங்க?

சைஃபுல்லா: ரெண்டு அங்குலமா?

ஜீனத்: ஆமாங்க.

சைஃபுல்லா: ஸ்பிரிங்குக்கு மேல ஒரு ரெண்டு அங்குலம் இருக்கு. நான் வெச்சது.

ஜீனத்: ...நீங்க எதுக்கு வெச்சீங்க?

சைஃபுல்லா: தருமன் அண்ணன் சொன்னாரு. தனம் குள்ளம், டிரைவர் சீட்ட மட்டும் ஒசத்து பாய், யாருக்கும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு.

ஜீனத்: ஒரிஜினல் ஒரிஜினல்னு என் உயிர எடுத்தவரா?

சைஃபுல்லா: அவரேதான். காரு நல்லா ஆயிட்டா அக்காவுக்கு ஆச வரும், ஓட்டக் கத்துக்கோன்னு சொல்லலாம்னு கணக்கு போட்டிருக்காரு.

ஜீனத்: அதுக்கு ஏன் ரகசியம்?

சைஃபுல்லா: அவருக்கு வலது கண்ணு மங்கிட்டே வருது ஜீனத். இனிமே வண்டி ஓட்டாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அக்கா பயந்துடும்னு வீட்டுல மூச்சு விடல. இன்னிக்கு ஒரே ஒரு சுத்து, கடைசியா நான் ஓட்டிக்கறேன் பாய்னாரு.

ஜீனத்: நீங்க சரின்னுட்டீங்க.

சைஃபுல்லா: அவரு கேட்ட விதம் அப்படி.

ஜீனத்: மலை இருக்கறதே வலது பக்கம். அந்தப் பக்கம் பூரா நடந்து போற ஜனங்க, சாமியாருங்க. அவரு கையில சாவியக் குடுத்துட்டு நமக்குச் சோறு எறங்குமா?

சைஃபுல்லா: சத்தியம் பண்ணிட்டேனே. என்ன பண்ணச் சொல்ற?

ஜீனத்: உங்க ரெண்டு அங்குலத்த உருவுங்க. என்னுது இருக்கட்டும். சீட்டு அக்கா அளவுல நிக்கட்டும். அவரு உக்காந்தா கழுத்து நிமிராது. அப்புறமும் அடம் புடிச்சாருன்னா, நான் வாயத் தொறந்துடுவேன். சத்தியம் பண்ணது நீங்கதான்.

சைஃபுல்லா: கத்தரியக் குடு.

ஜீனத்: மெதுவா. பதினொண்ணு வரி, கலையாம.

சைஃபுல்லா: இந்தா, உருவிட்டேன்... இப்ப உக்காந்து பாரு.

ஜீனத்: கால் எட்டுது. பூட்டும் மேல வந்துடுச்சு. கேட்டீங்களா, ‘டக்’னு விழுந்துச்சு.

சைஃபுல்லா: ஓரத்தத் தெச்சுடு சீக்கிரம். ஆட்டோ சத்தம் கேக்குது.

தருமன்: என்ன பாய், என் கான்டசா ரெடியா? அடேயப்பா... தனம், பாரு. அந்தக் காலத்து சிவப்பு அப்படியே இருக்கு.

தனம்: நல்லாருக்குங்க. ஜீனத், கை ராசி உனக்கு.

தருமன்: மோந்து பாரு. நாத்தம் இருக்கா? பெல்ட்ட இழு. கம்பெனி பெல்ட்டு. இன்னும் ஏதாவது கொற இருந்தா இப்பவே சொல்லிடு. ஏறு, ஒரு சுத்து போலாம்.

ஜீனத்: அண்ணே, தல...

தருமன்: ஆங்... பரவாயில்லம்மா. கொஞ்சம் சாஞ்சு உக்காந்துக்கறேன். ஒரு சுத்துதான.

தனம்: எறங்குங்க.

தருமன்: ஏன்?

தனம்: எறங்கி அந்தப் பக்கம் வாங்க. நான் ஓட்டறேன்.

தருமன்: நீயா?

தனம்: லைசென்ஸ் இருக்கு. இந்தாங்க, படிச்சுப் பாருங்க... இல்ல, குடுங்க. நானே படிக்கறேன்.

தருமன்: ...பாய். சொல்லிட்டியா?

சைஃபுல்லா: சத்தியமா இல்லண்ணே. இவகிட்ட மட்டும்தான் சொன்னேன். அதுவும் இப்ப, அர மணி நேரத்துக்கு முன்ன.

ஜீனத்: நான் அக்காகிட்ட வாயே தொறக்கல.

தருமன்: எத்தன நாளா தனம்?

தனம்: உக்காருங்க, சொல்றேன்.

தருமன்: அந்தப் பக்கம் உக்காந்தா மலை தெரியாதே.

தனம்: இந்தப் பக்கம் உக்காந்து மட்டும் தெரிஞ்சுதா? மாசி மாசம் சுத்திக்கினு வந்தப்போ, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. நீங்க வலது பக்கம் திரும்பி, ‘மலை மேல மேகம் எறங்கியிருக்கு பாரு’ன்னீங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு. கேட்டா ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு, சீட்டு நாறுதுன்னு வாயில வந்தத சொன்னேன். அதத் தெச்சீங்க. பெல்ட்டு அறுந்திருக்குன்னேன், அதையும் தேடிக்கினு வந்து நிக்கறீங்க... இந்தக் காரு எப்பவுமே நாறலங்க. வாங்க, பெல்ட்டப் போடுங்க. மலை எப்படி இருக்குன்னு நான் சொல்லிக்கினே வர்றேன்.