ஐஸில் வைத்த சாவி

"ஹலோ... ஓம், பஸீனாதான். வெச்சிராத ஹுனைஸ், வெச்சா உனக்குத்தான் கேடு."

போன் மேசைமேல் கிடந்தது. பஸீனா அதன்மேல் குனிந்து பேசினாள். அவனோடு நடந்த நிச்சயம் முறிந்தபின் அவளுக்கு வந்த சம்பந்தங்களையெல்லாம், அவள் நம்பிக் கொடுத்த படங்களை அனுப்பிக் கெடுத்தவன் இந்த ஹுனைஸ். கற்பிட்டியில் மீன்கடை, ஊருக்கு நல்ல பிள்ளை. இப்போது தனக்கு மட்டும் கல்யாண நாள் குறித்துவிட்டான், பாவி.

"ஓம், ஓம்... நான் திறந்தது உன்ட லெப்டொப்தான். ...தெரியும், உள்ளுக்குப் பூட்டுச் சிப் இருக்கு. செஞ்சவனாலயும் திறக்க ஏலாதெண்டு பெரிய கதை கதைச்சியே! சிப் சாவியப் பத்திரமாத்தான் வெச்சிருக்கும். நீ பின் நம்பர் அடிச்ச உடன அதத் தூக்கி மெமரியில வெச்சிரும். நீதான் ஓஃப் பண்ணவே மாட்டியே, சும்மா மூடிட்டுப் போவ. ...சரி, கரண்ட் இல்லாட்டி மெமரி மறந்திரும். குளிர வெச்சா உடன மறக்காது. உன்ட கடை ஐஸ், நம்மட புத்தளத்து உப்பு. பொலித்தீன்ல சுத்தி நல்லாக் குளிர வெச்சி, மெமரியக் கழட்டி என்ட மெசின்ல போட்டன். சாவி அப்பிடியே கிடந்திச்சு.

...எப்பவா? வெள்ளிக்கிழம. ஜும்ஆவுக்குப் போகக்குள்ள வாசல்ல கதிரையக் குறுக்க வெச்சிட்டுப் போனியே."

அந்தத் தெருவில் எல்லாக் கடைக்கும் அந்த நேரத்தில் குறுக்கே போட்ட நாற்காலிதான் கதவு. ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குத் தொழப் போய்விடுவார்கள்; திருட யார் இருக்கிறார்கள்? பெண்களை அவர்கள் கணக்கிலேயே எடுத்ததில்லை.

"...பொய்யா? அப்ப உள்ளுக்கு என்ட படமே இல்லயா? ...இருக்கா. எதுக்கு? ...விளங்கல்ல, இன்னொருக்காச் சொல்லு. ...ஓ, நான் வாய் திறந்தா ஊருக்கே அனுப்புவ."

அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு இனித்தது.

"ஸஹ்றாட படமும் இருக்கே? கட்டப் போறவள்டதயும் ஏன் களவா எடுத்த? ...கலியாணத்துக்குப் பொறகு அடங்கி நடக்கவா? ...சரி, சரி.

...இப்ப ஏன் கெஞ்சுற? என்னட்ட மன்னிப்புக் கேட்டு வேலயில்ல. ...ஓம், ஸ்பீக்கர்லதான். ...யாரா?"

பஸீனா போனை எதிரே தள்ளினாள். அங்கே மருதோன்றி காயாத கைகளோடு ஸஹ்றா இருந்தாள்.

"நீயே சொல்லு ஸஹ்றா."

ஸஹ்றா வாய் திறக்குமுன் லைன் அறுந்தது. அதுவரை அவள் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்ட ஸஹ்றாவின் வாப்பா, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்.