தையல் பிரிக்கும் நேரம்

குலசிங்கம்: காலை ஆட்டாதையும் வீரம்மா. இன்னும் நாலு தையல்தான் கிடக்கு.

வீரம்மா: நான் எங்க ஐயா ஆட்டுறேன்? உங்க கைதான் ஆடுது.

குலசிங்கம்: என்ரை கையா? இருபத்திரண்டு வருஷமா இந்தத் தோட்டத்திலை மருந்து கட்டுற டிரசர் நான். எத்தினை பேருக்குத் தையல் பிரிச்சிருப்பன்...

வீரம்மா: அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு.

குலசிங்கம்: என்ன ஆச்சரியம்?

வீரம்மா: ஒண்ணுமில்ல. நீங்க பிரிங்க.

குலசிங்கம்: கணுக்காலிலை ரெண்டு, முழங்காலுக்குக் கீழை மூண்டு... வேறை எங்கை தையல்?

வீரம்மா: தொடை மடிப்புல. அத ஈப்போ ஆஸ்பத்திரியிலயே நர்ஸ் மிஸ்ஸி பிரிச்சி விட்டுட்டாங்க.

குலசிங்கம்: தொடை மடிப்பிலையோ... அங்கை நொந்ததோ?

வீரம்மா: ஐயா, வந்து உக்காந்ததுலேருந்து நொந்ததா நொந்ததான்னு இது அஞ்சாவது தடவ லா. உங்களுக்குத் தெரியாததா?

குலசிங்கம்: புத்தகத்திலை வாசிச்சது வேறை. பட்டவை சொல்லுறது வேறை. சொல்லும், ஈப்போவிலை முதல் என்ன செய்தவை?

வீரம்மா: படுக்க வச்சாங்க. பெரிய டாக்டரு என் எடது கால அப்படியே மேல தூக்கிப் புடிச்சாரு. பொடைச்சிக்கிட்டு இருந்த நரம்பெல்லாம் வத்திப் போச்சு. சின்னப் புள்ள காலு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் தொடையில ரப்பர் வார இறுக்கிக் கட்டி, எழுந்து நில்லுன்னாரு. நின்னேன். வார அவுத்தாரு பாருங்க... மேலேருந்து மடமடன்னு எறங்கி, பழையபடி பொடைச்சிக்கிச்சு.

குலசிங்கம்: அதுதான். மேலை இருக்கிற வால்வு பழுது.

வீரம்மா: அவரு கதவுன்னு சொன்னாரு. ரத்தம் மேல போவணும், கதவு சாத்தமாட்டேங்குது, அதனால கீழயே திரும்பி வருதுன்னாரு. நல்லா வெளங்கிச்சு. நீங்க நாலு வருசமா வால்வு வால்வுன்னு சொல்லி எனக்கு ஒண்ணும் வெளங்கல.

குலசிங்கம்: நாலு வருஷமா ஈப்போவுக்குப் போம் போம் எண்டு சொன்னது நான்தானே?

வீரம்மா: சொன்னீங்க. நான் கேக்கல. எங்க கங்காணி மண்டோருக்குத் தெரிஞ்சா, கால் நோவு, சக்கிட்டு, நிக்க முடியாதுன்னு என் ரப்பர் மர நெரைய வேற யாருக்காச்சும் குடுத்துருவாரேன்னு பயம். சீலைய எறக்கிக் கட்டிக்கிட்டுப் பால் மரம் வெட்டினேன். அன்னிக்கிக் கட்டையில காலு ஒரசி அந்த நரம்பு வெடிக்கிற வரைக்கும்...

குலசிங்கம்: அதை நினைப்பூட்டாதையும். ஒரு வாளி பால் சிந்தின மாதிரி ரத்தம்.

வீரம்மா: நான் செத்தேன்னுதான் நெனச்சேன். நீங்க சைக்கிளப் போட்டுட்டு ஓடி வந்து, என்னைத் தரையில படுக்க வச்சி, காலத் தூக்கி வாளி மேல வச்சி, ரெண்டு கையால அமுக்கிக்கிட்டு முட்டி போட்டு உக்காந்திருந்தீங்க. அர மணி நேரம் நகரல. ஈப்போ டாக்டரு கேட்டாரு, யாரு கட்டுப் போட்டது, நல்ல கையின்னாரு.

குலசிங்கம்: உண்மையாவோ?

வீரம்மா: சாமி சத்தியமா.

குலசிங்கம்: சரி... பிறகு? ஒப்பரேசன்தான் எண்டு உடனை சொல்லிட்டாரோ?

வீரம்மா: இல்ல. மூணு வழி இருக்குன்னாரு. மொத வழி, இலாஸ்டிக் துணிய காலம்பற எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கால்ல சுத்திக்கணும். ஒக்காந்தா கால ஒசத்தி வச்சிக்கணும். அது நோவ அடக்கும், ஆனா கதவ ரிப்பேர் பண்ணாது.

குலசிங்கம்: ஓம். அது தெரியும். அந்தத் துணி வெயிலிலை கடிக்கும்.

வீரம்மா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

குலசிங்கம்: நோயாளிகள் சொல்லுறவை. ரெண்டாவது?

வீரம்மா: ஊசி. நரம்புக்குள்ள மருந்து ஏத்தினா அது ஒட்டிக்கிட்டு மூடிக்குமாம். சின்ன நரம்புக்குத்தான் அது சரி, உன்னுது பெருசுன்னாரு. என் வலது காலப் பாத்தீங்களா, செவப்பும் ஊதாவுமா நூல் நூலா ஓடுது... அதுக்கு வேணும்னா மெல்லிசு ஊசி போடலாம், ஆனா அது அழகுக்குத்தான், வுட்டுட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னாரு.

குலசிங்கம்: நீர் என்ன சொன்னீர்?

வீரம்மா: அது பாட்டுக்கு இருக்கட்டும்னேன். மரத்துக்கு முன்னால நிக்கிறவ, மரமா பாத்துச் சொல்லப் போவுது? ஆனா பக்கத்துல ஒரு டீச்சரம்மா உக்காந்திருந்தாங்க, விமலாதேவின்னு, உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க. அந்த நூலு நரம்புக்குத்தான் வந்திருந்தாங்க. பேட்மிண்டன் ஆடுறவங்களாம். இது வந்ததுலேருந்து கட்டப் பாவாட போட வெக்கமா இருக்கு, ஆட்டத்தையே வுட்டுட்டேன்னாங்க. மொதல்ல எனக்குச் சிரிப்பு வந்திச்சு ஐயா. அப்புறம் வரல. நானும் சீலைய எறக்கிக் கட்டினவதானே.

குலசிங்கம்: ம்... மறைக்கிறது எல்லாருக்கும் ஒண்டுதான்.

வீரம்மா: என்ன ஐயா கத்திரிய கீழ வச்சிட்டீங்க? இன்னும் ரெண்டு இருக்கு.

குலசிங்கம்: பிரிக்கிறன், பிரிக்கிறன். மூண்டாவது வழி சொல்லும்.

வீரம்மா: அதான் எனக்குச் செஞ்சது. தொடை மடிப்புல கீறி நரம்பக் கட்டி, உள்ளுக்குள்ள கம்பி வுட்டுக் கீழ கொண்டாந்து, அப்படியே உருவி...

குலசிங்கம்: போதும்.

வீரம்மா: நீங்கதானே கேட்டீங்க?

குலசிங்கம்: கேட்டனான்... மயக்க மருந்து? முதுகிலையோ?

வீரம்மா: முதுகுல ஒரு ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி. அப்புறம் இடுப்புக்குக் கீழ என் ஒடம்பே இல்ல. ஆனா காது நல்லாக் கேட்டிச்சு. டாக்டரு, இந்த வருசம் டுரியான் பழம் எங்க நல்லா இருக்குன்னு மிஸ்ஸிகிட்ட கேட்டுக்கிட்டே வேலை செய்யிறாரு. நான் படுத்துக்கிட்டே சுங்காய் ஊருலன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க.

குலசிங்கம்: மேசையிலை கிடந்துகொண்டோ? பொல்லாத ஆள் நீர். பயமே வரேல்லையோ?

வீரம்மா: எனக்கா? பேரு கூப்பிட்டாங்க, போனேன். வேல முடிஞ்சது, வந்தேன்.

குலசிங்கம்: அடுத்த நாள்?

வீரம்மா: படுத்தே கெடக்கலாம்னு பாத்தா, மிஸ்ஸி வந்து எழுந்து நடங்குது. தொடை முழுக்க நாவப்பழம் மாதிரி கன்னிப் போயிருக்கு, நடங்குது! ஆனா நடக்க நடக்கத்தான் இறுக்கம் வுட்டிச்சு. மூணாம் நாளு வார்டு முழுக்க நாந்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன்.

குலசிங்கம்: இப்ப பாரம் இருக்கோ? பின்னேரத்திலை ஈயம் கட்டின மாதிரி... குளிசை போட்டாலும் போகாமல்... ராத்திரியிலை கெண்டைக்கால் இழுக்குமே, அது?

வீரம்மா: எதுவும் இல்ல. ஐயா... ஈயம் கட்டின மாதிரின்னு நான் உங்ககிட்ட சொன்னதே இல்லியே.

குலசிங்கம்: சொல்லேல்லையோ?

வீரம்மா: வலிக்குதுன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன்.

குலசிங்கம்: காலை இந்தப் பக்கம் திருப்பும்.

வீரம்மா: கடைசித் தையலு ஐயா. பிரிங்க.

குலசிங்கம்: முடிஞ்சுது. வீரம்மா, ஒண்டு சொல்லுறன். ஒருத்தரிட்டையும் சொல்லாதையும். எனக்கும் இருக்கு. ரெண்டு காலிலையும். பதினைஞ்சு வருஷமா.

வீரம்மா: தெரியும்.

குலசிங்கம்: எப்படி? வீட்டிலை மனிசி ஞானம்மாவுக்கே காட்டினதில்லை!

வீரம்மா: அன்னிக்கி முட்டி போட்டு உக்காந்தீங்க பாருங்க, உங்க கால்சட்ட சிலுவாரு மேல ஏறிடுச்சு. நான் தரையில கெடக்குறேன், கண்ணுக்கு நேரா உங்க கெண்டைக்காலு. எனக்காவது ஒரு காலு, இவருக்கு ரெண்டு, இதோட அரை மணி நேரம் முட்டி போட்டிருக்காரேன்னு நெனச்சேன்.

குலசிங்கம்: ஊருக்கெல்லாம் போம் போம் எண்டு சொல்லுற டிரசர்... வெக்கக்கேடு.

வீரம்மா: வெக்கப்பட நேரம் இல்ல ஐயா. பெரிய டாக்டருகிட்ட சொல்லிட்டேன், கட்டுப் போட்டவருக்கும் இதே சூசா, இதே கால் தொல்லதான்னு. அவருதான் எழுதிக் குடுத்தாரு. இந்தாங்க காயிதம். வர்ற செவ்வாக்கிழமை, எட்டு மணி.

குலசிங்கம்: ஐயோ... செவ்வாய் ஏலாது. மருந்து லொறி வரும்.

வீரம்மா: லொறி வெள்ளிக்கிழமதான் வரும்.

குலசிங்கம்: விளங்கிக்கொள்ளும் வீரம்மா. உம்மை மாதிரி எனக்குத் துணிவு இல்லை. பேர் கூப்பிட்டவை, எழும்பிப் போனீர். நான் கதவு மட்டும் போய்த் திரும்பி ஓடியிருவன்.

வீரம்மா: நானும் ஓடிட்டேன் ஐயா. பேரு கூப்பிட்டப்போ நான் வார்டுலயே இல்ல. அவங்க குடுத்த பச்ச கவுனோட, காலுல செருப்புகூட இல்லாம ரோட்டுல பஸ்ஸ நிறுத்தினேன். கண்டக்டரு ஏத்தமாட்டேன்னுட்டாரு, திரும்பி வந்து படுத்தேன்... அதனாலதான் காலு நல்லாச்சு.