மெழுகு அடைத்த வட்டில்

நள்ளிரவு தாண்டியிருக்கும். இல்காத் உப்பேரிக்கரைச் சாலை. நாளைக் காலையில் நாம் மூட்டை ஏற்றிப் போகப்போகிற அதே சாலைதான்... வளைவில் ஒரு வீடு பூட்டிக்கிடக்குமே, கழுதைகள் தாண்டமாட்டேன் என்று சண்டித்தனம் செய்யுமே, அந்தப் பக்கம். படுக்கப் போகிறவர்கள் இப்போதே போகலாம். யாரும் எழவில்லையா? சரி. கேளுங்கள்.

ஹுமேத் கழுதை வண்டியில் வருகிறான். என் கூட்டாளி ஒருவனின் மச்சான். சாவு வீட்டிலும் சிரிக்கவைத்து உதை வாங்கியவன். அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை. வீட்டில் மனைவி நிசாராவுக்கு விடாத காய்ச்சல். மடியில் சந்தையில் வாங்கிய வேர் மருந்து. காற்றில்லை. சக்கரத்தின் கீழ் உப்பு நொறுங்கும் சத்தம் மட்டும்... கறுக், கறுக்.

அதோடு இன்னொரு கறுக். முன்னால் யாரோ நடக்கிறார்கள்.

மொட்டைத் தலை. சாம்பல் துணி. கக்கத்தில் கிண்ணம்போல் குழிந்த செம்பு வட்டில். தாவேக்கின் பூசாரி.

காலமும் சாவும் தாவேக் சாமியின் இரண்டு கைகள், உங்களுக்குத் தெரியாததா. அவன் பூசாரி யாரும் கூப்பிடாமலே வருவார். சாகக் கிடப்பவர் தலைமாட்டில் தொட்டித் தண்ணீரில் வட்டிலை மிதக்க விடுவார். வட்டில் முழுகும்... மூச்சு நிற்கும். தாவேக் விரலால் அழுத்துகிறான் என்பார்கள். பார்த்தது யார்? அந்த நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற ஆட்கள்தானே நாமெல்லாம். மிதக்கவிட்டபின் பூசாரி அதைத் தொடக்கூடாது. வட்டிலோடு கிளம்பியதிலிருந்து அது முழுகும்வரை வாய் திறக்கவும் கூடாது.

“சாமி, எந்த வீட்டுக்கு?” என்றான் ஹுமேத்.

அவர் நடையை நிறுத்தவில்லை.

“எங்க ஊருன்னா ஏறிக்கங்க. எங்க ஊரு இல்லேன்னாலும் ஏறிக்கங்க, இன்னும் சந்தோசமாக் கொண்டுபோய் விடுறேன்.”

கறுக், கறுக்.

அவருக்கு முன்னால் வீடு சேர்ந்து கதவைச் சாத்திவிட்டால் போதும் என்று தோன்றியது அந்த மடையனுக்கு. கழுதையை விளாசினான். அதுவும் வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. வண்டி பூசாரியின் இடுப்பில் இடித்தது. மனிதர் ஒரு பக்கம், வட்டில் ஒரு பக்கம்... ணங்.

ஹுமேத் குதித்து ஓடி வட்டிலை எடுத்தான். இருட்டில் தடவிப் பார்த்தான். அடியில் ஓர் ஓட்டை, ஊசி நுழையும் அளவுக்கு.

“போச்சு. சாமி சொத்துல ஓட்டை போட்டுட்டேன்.”

தண்ணீர்ப்பை ஒழுகினால் அடைக்க வண்டிக்காரர்கள் நாம் மெழுகு வைத்திருப்போம் இல்லையா... ஒரு கிள்ளு எடுத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டான். பூசாரி தடுமாறி எழுவதற்குள் வேலை முடிந்தது. அவர் வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டார்.

நொண்டுகிற கிழவரை நடுச்சாலையில் விட்டுப்போக அவனுக்கு மனம் வரவில்லை. ஏற்றிக்கொண்டான். ஊருக்குள் ஒவ்வொரு வாசலிலும் வண்டியை மெதுவாக்கினான். அவர் இறங்கவில்லை. ஊர் முடிந்தது. வளைவில், அவன் வாசலில், இறங்கினார்.

உள்ளே உறவுக்காரர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். ஹுமேத் திரும்பவில்லை. வட்டில் மிதந்தது. விளக்கில் எண்ணெய் தீர்ந்து, மறுபடி ஊற்றினார்கள். வட்டில் மிதந்தது. அப்போதுதான் அந்த ஓட்டை எதற்கு என்று அவனுக்குப் புரிந்தது.

வாயை இறுக மூடிக்கொண்டான். நீங்களும் நானும் வேறென்ன செய்திருப்போம்.

விடியும்போது நிசாரா கண் திறந்தாள். “என்னய்யா முழிக்கிற? நான் போனதும் கட்டிக்க எவளையாவது பாத்து வச்சிருக்கியா?”

“கேட்டுப் பாத்தேன். எவளும் ஒத்துக்கல. நீயே இருந்துடு.”

அவள் சிரித்தாள். அவன் கொல்லைப்பக்கம் போய்க் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. எனக்கும் ஆசைதான்.

பூசாரி எழுந்து போகவில்லை. தொட்டியருகே உட்கார்ந்தே இருந்தார். நிசாராவுக்குப் பசிக்கவில்லை. காய்ச்சல் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது... கையைத் தொட்டால் தொட்டித் தண்ணீர் மாதிரி இருந்தது. விரல் நுனிகள் கறுத்தன. முதலில் ஈரத்துணி வாடை. பிறகு, நமக்கெல்லாம் தெரிந்த அந்த வாடை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். மூச்சு மட்டும் ஓடியது. உள்ளே இழுப்பாள்... நெடுநேரம் கழித்து, மறுபடி உள்ளே இழுப்பாள். வெளியே விடுகிற சத்தம் இல்லை.

“வெளிய விடாம எப்படிய்யா இழுக்க முடியும்?”

நீ கேட்பது நியாயந்தான் தம்பி, எனக்கும் தெரியாது. அதைத்தான் நானும் என் கூட்டாளியிடம் கேட்டேன். அவன் எழுந்து போய்விட்டான்.

ஓர் இரவு அவள் கூப்பிட்டாள். “யோவ்... எறும்பு கண்ணுக்குள்ள வந்துருச்சு.”

“இரு, தட்டி விடுறேன்.”

“வலிக்கல. அதான் பயமா இருக்கு. நீ என்னமோ பண்ணிருக்க. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எடுத்துடுய்யா அதை.”

“எடுத்தா நீ போயிடுவியே.”

“நான் எங்க இருக்கேன் இப்ப?”

ஹுமேத் வட்டிலைத் தொட்டியிலிருந்து எடுத்து, கத்தி நுனியால் மெழுகைச் சுரண்டினான். பூசாரி பார்த்துக்கொண்டே இருந்தார். வட்டிலை மறுபடி தண்ணீரில் வைத்தான். ஓட்டை வழியே தண்ணீர் ஒரு நூல்போல ஏறியது. விளிம்பு தாழ்ந்தது. குமிழி... தொட்டியின் அடியில் மெல்ல, ணங்.

அவளுடைய இமைகளைக் கையால் மூடிவிட்டுக் காத்திருந்தான்.

இழுத்தாள்.

நெடுநேரம்.

மறுபடி இழுத்தாள்.

பூசாரி முழங்கால் சொடுக்க எழுந்தார். வட்டிலை எடுத்துத் துடைத்தார். ஹுமேத் வாசலை மறித்து நின்றான். “முழுகிடுச்சே சாமி. இப்ப நீங்க பேசலாமே. எந்த வீட்டுக்குன்னு அன்னைக்குக் கேட்டேன், சொல்லல. இதையாவது சொல்லுங்க. இவ எப்பப் போவா?”

நெடுநாள் பேசாத தொண்டை. உப்பு நொறுங்குவதுபோல இருந்ததாம் அந்தக் குரல்.

“அவ நேரம் அன்னைக்கு ராத்திரியே வந்துச்சு. வட்டில் முழுகல. திரும்பிப் போயிடுச்சு. ஒருத்தருக்கு ஒரு நேரந்தான், தம்பி. இனி அவளுக்கு இல்ல.”