ஒருக்கா கூடி எண்ணிப் பாருங்க

இல்ல டாக்டரே, நான் இப்ப போவமாட்டேன். இன்னும் ஒருக்கா கூடி லென்சுல பாத்துட்டுச் சொல்லுங்க. பாத்தாச்சா? தெரியும், நீங்க குனிஞ்சு எண்ணும்போ நானும் பொறத்தால நிண்ணுட்டுத்தானே இருந்தேன்.

எனக்குப் பிடி கிட்டல, அதான். காலம்பற மிசின் என்ன சொல்லிச்சு? எங்க நாயி குட்டனுக்கு ரெத்தத்துல பிளேட்லெட் ரொம்பக் கொறவுன்னு. இப்ப நீங்க சொல்லுதிய, அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துது, மிசினுக்கு எண்ணத் தெரியல, கண்ணால எண்ணுனா கூடித்தான் இருக்குன்னு. எண்ணத் தெரியாத மிசின எதுக்கு வச்சிருக்கிய?

சிரியுங்க, சிரியுங்க. பட்டிக்க ரெத்தம் எப்பிடி உறையுதுன்னு ஆராய்ச்சி பண்ணுத ஆளு நீங்க. நான் அருமனையில ரப்பர் வெட்டுதவன். எனக்க ரப்பர் பாலுல ஆசிட் விட்டா உறையும். அதுல ஒரு வழக்கும் இல்ல.

உண்ணிக்காய்ச்சல்தான், செரி. ரப்பர் தோட்டத்துல சுத்துத பட்டிக்கு உண்ணி ஏறாம இருக்குமா? இவன் மூக்குல ரெத்தம் கண்டதும் எனக்க பெஞ்சாதி முத்துக்கனி பப்பாளி எலய இடிச்சு சாறு ஊத்துனா. ஏட்டி, அது டெங்குக்குல்லான்னு சத்தம் போட்டேன். அவளும் கேக்கல, இவனும் துப்பல.

என்னது? ஆராய்ச்சிக்கு இன்னும் கொஞ்சம் ரெத்தமா? எடுத்துக்கிடுங்க. நாளைக்கும் எடுங்க. அதுக்குத்தான் சொல்லுதேன், அவன் இங்கயே கெடக்கட்டு. நானும் வராந்தாவுல கெடப்பேன். வெட்டு முடங்குனா முடங்கட்டு, மரம் ஓடியா போவும்?

ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கான், கேக்கு. அடிக்கட்டு. வாலாட்டுதான், பிஸ்கட் தின்னுதான், எல்லாம் நானும் பாக்கத்தான் செய்யுதேன். வாலாட்டுனா ஆச்சா?

ஒங்களக் கொறை சொல்லல மக்ளே. தங்கம் மாதிரிப் பாத்திய. எனக்குப் பயம், அவ்வளவுதான். இவன் எங்க மவ ஆதிராவுக்க பட்டி. ஸ்கூல் விட்டு வரும்போ ஓடையில கெடந்தவனப் பாவாடையில பொதிஞ்சு கொண்டு வந்தா.

அவளா? அவள எப்பிடிக் கூட்டிட்டு வர? போன மழைக்கு டெங்கு வந்துது. அங்கயும் ஒரு டாக்டரம்மா, ஒங்க வயசுதான் இருக்கும். காய்ச்சல் விட்டாச்சு, கவுண்ட் கூடியாச்சு, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு இப்பிடியேதான் சிரிச்சிட்டுச் சொன்னாவ. கொண்டு போனோம். போனதும் பசிக்குன்னு கஞ்சி கேட்டா பாத்துக்கிடுங்க. முத்துக்கனி ஆத்திக் கொண்டு வாறதுக்குள்ள போயிட்டா.