கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மார்ச் மாதத்தில் உதிரும் இலைகளைக் கூட்டித் தள்ளக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் டாஸ்மேனியாவில் இலையுதிர்காலம் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். பேரி மரத்தில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகும். மற்ற கிளைகள் இன்னும் கோடைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஓவியனுக்கு அது போதும். தோட்டத்தைப் பார்த்தீர்கள் அல்லவா, சார்ஜென்ட்? அத்தனையும் என் மனைவி ரோவீனா வைத்தவை.

அவள்தான் அதில் கால் வைக்க முடியாமல் இருந்தாள். ஜாக் ஜம்பர் எறும்பை உங்களுக்குத் தெரியும். கறுப்பு உடம்பு, ஆரஞ்சுக் கால், துள்ளித் துள்ளி வரும். நம்மைக் கொட்டினால் நாலு நாள் அரிக்கும். ரோவீனாவைக் கொட்டியபோது தொண்டை அடைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்ததால் பிழைத்தாள். அன்றிலிருந்து குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் பின்பக்கத்துக் கண்ணாடி அறைதான் அவளுக்கு உலகம். கொட்டினால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசி அந்த அறையின் கதவோரத்து ஆணியில் தொங்கும்.

அதுவரை நான் ஆப்பிள் தோப்புகளை வரைந்துகொண்டிருந்தேன். ஹூவான் ஆற்றங்கரையில் ஆப்பிள் தோப்பு வரையாதவன் யார்? யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மார்ச் காலை, தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவன் தற்செயலாக நிமிர்ந்தேன். கண்ணாடியில் அந்த மஞ்சள் கிளை தெரிந்தது. கிளைக்குள் அவள் முகம். வெளியே வர ஏங்கும் முகம். அவள் மூச்சுப் பட்ட இடத்தில் கண்ணாடி மங்கியிருந்தது.

அந்தப் படம் ஹோபார்ட்டில் பரிசு வாங்கியது. அடுத்த மார்ச்சில் வரைந்த படமும் வாங்கியது.

ஆஸ்பத்திரியில் அந்த எறும்பின் விஷத்தையே சிறுகச் சிறுக ஏற்றி உடம்பைப் பழக்குகிறார்கள். ரோவீனா அடிக்கடி அதைப் பற்றிக் கேட்பாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்தான் அழைத்துப் போக வேண்டும். வேலை ஒழியட்டும் என்பேன்.

பக்கத்துப் பண்ணை மெர்வ் வேலியில் சாய்ந்துகொண்டு கிண்டல் செய்வார். "என்னப்பா லீத், எறும்புக்கெல்லாம் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கியா? ஒரு டப்பா பவுடர் போட்டா ஒழிஞ்சது."

"பவுடர் செடிக்கு ஆகாது, மெர்வ்."

"செடிக்கு ஆகாதா, உன் படத்துக்கு ஆகாதா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் நான் சட்டம் போடப் படங்களை எடுத்துக்கொண்டு ஹோபார்ட் போயிருந்தேன். திரும்பி வந்தால், பேரி மரத்தடி பெஞ்சில் ரோவீனா உட்கார்ந்திருக்கிறாள். கையெல்லாம் மண்.

"லீத், மெர்வ் எல்லாப் புத்தையும் ஒழிச்சுட்டாரு. அவரு பொண்டாட்டி ஷெரில் வியாழக்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறா. இனிமே உனக்குத் தொந்தரவே இல்ல."

கொஞ்ச நேரம் கண்ணாடி அறையில் வந்து உட்காரச் சொன்னேன். கிளை அப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தது.

"அந்த மீன்தொட்டியிலயா? நீ போய் உக்காரு. எப்படி இருக்குன்னு உனக்கும் தெரியட்டும்."

வெளியிலேயே வைத்து வரைந்து பார்த்தேன். முகத்தில் வெயில் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். கடைத்தெருவில் எதிரே வரும் எந்தப் பெண்ணின் முகமாகவும் அது இருக்கலாம். கித்தானில் பூசியதைச் சுரண்டிவிட்டேன். மறுநாளும் சுரண்டினேன். மறுபடி ஆப்பிள் தோப்புக்குப் போவது என்றால் என்னவென்று உங்களுக்குப் புரியாது. கதவில்லாத அறை அது.

குளிர்ந்த காலையில் ஜாக் ஜம்பர் மந்தமாக இருக்கும். ஆற்றோரப் புல்வெளியில் ஒரு புற்றை அடி மண்ணோடு தோண்டி வாளியில் எடுத்து வந்தேன். அதைப் பெஞ்சுக் காலடியில் இறக்கினேன். அவளைக் கொட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எறும்பைப் பார்த்தாலே பயந்து உள்ளே வந்துவிடுவாள் என்றுதான் எண்ணினேன். மேலே இலைகளைப் பரப்பியது, மண் நிறம் கண்ணை உறுத்தியதால்.

வியாழக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போக உடுத்திக்கொண்டு, ஷெரிலுக்காகக் காத்திருந்தாள். "வெயில் நல்லாருக்கு, பெஞ்சுல உக்காந்திருக்கேன்" என்று தேநீரோடு தோட்டத்துக்குப் போனாள். கண்ணாடி அறையில் புதுக் கித்தானை மாட்டினேன். தோட்டப் பக்கத்துக் கதவைத் தாழிட்டேன். வேலை நேரத்தில் குறுக்கீடு எனக்கு ஆகாது.

கோப்பை உடையும் சத்தம் கேட்டது. அவள் கதவுக்கு ஓடி வந்தாள். கைப்பிடியைத் திருகினாள். கண்ணாடியைத் தட்டினாள். "ஊசி, லீத்" என்றாள். உதடு ஏற்கெனவே வீங்கியிருந்ததால் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. ஊசி கதவோரத்து ஆணியில், என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன். இத்தனை வருடம் நான் வெளியில் நின்று, உள்ளே இருந்த முகத்தை வரைந்திருக்கிறேன். இப்போது தோட்டம் முழுவதும் அவளுக்குப் பின்னால் இருந்தது. முகத்தில் அந்த ஏக்கம் திரும்பியிருந்தது, முன்பைவிடப் பல மடங்கு. மறுபடி உட்கார்ந்தேன். கை தானாக ஓடியது. அவள் சரிந்து விழுந்த பிறகு கண்களை நினைவிலிருந்து வரைந்து முடித்தேன். ஷெரிலின் கார் வந்தபோது தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாளைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்திருந்தால் அவள் உள்ளே வந்து படத்தைப் பார்த்திருப்பாள். பாதியில் நிற்கும் படத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை, சார்ஜென்ட். அது அவளுக்கும் தெரியும்.