எனக்குன்னு எடுத்த அட்டை

ஹலோ... ம்ம், சொல்லு... கேக்கலையா? தையல் மிஷின் சத்தம்டி, இரு நிறுத்தறேன்... ம். என்ன, மறுபடியும் வாந்தியா?

ஆமா ஆமா, அம்மா சொன்னாங்க. தினமும் சொல்றாங்க. உன் தங்கச்சி முகத்துல என்ன களைன்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு... கோபமா? எனக்கென்ன கோபம்? சந்தோஷம்தான்... சந்தோஷம்னு சொல்றேன்ல!

...சரி, கேட்டுட்டே, சொல்லிடறேன். வயிறு எரியுது. ஆமாடி, உன்னைப் பார்த்துத்தான். பிள்ளை வேணும்னு இத்தனை வருஷமா முழங்கால் தேய ஜெபம் பண்ணினவ நான். உனக்குக் கல்யாணமாகி வருஷம் கூடத் திரும்பல.

வருஷப் பிறப்புக்குச் சபையில, இந்த வருஷம் ஆண்டவர் உனக்குத் தர்ற வசனம்னு ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டையைப் பார்க்காம எடுக்கச் சொன்னாங்களே, நான் காய்ச்சல்ல கிடந்தேன், எனக்கும் சேர்த்து நீதானே எடுத்துட்டு வந்தே? உனக்கு, பிள்ளையில்லாத கிழவி சாராளுக்குப் பிள்ளை தர்றேன்னு ஆண்டவர் சொன்ன வாக்கு. இப்போ யாருக்குப் பிள்ளை வேணும்னு விழுந்து விழுந்து சிரிச்சே... என்னது, சாராளும் சிரிச்சாளா? இது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு உனக்கு!

எனக்கு என்ன வந்துது? ஆபிரகாமை வீட்டை விட்டுப் புறப்படச் சொன்னது. புறப்பட்டேன்ல? எங்கடி போறதுன்னு உங்க மாமா கேட்டாரு. அந்த மனுஷனும் எங்கன்னு தெரியாமத்தான் போனாருன்னு சொல்லி, மிஷினையும் அவரையும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்தேன். மாடிப்படிக்குக் கீழ கடை. நிமிர்ந்தா தலை இடிக்குது. இதுல மாசமா இருக்கறவங்க வேற வரிசையா வந்து, இடுப்பைக் கொஞ்சம் தளர்த்திக் குடுங்கக்கான்னு நிக்கறாங்க. தளர்த்திக் குடுக்கறேன், உன்னை நினைச்சுக்கிட்டே...

ஏய், அழறியா?... எங்க இருக்கே?... ஆஸ்பத்திரியிலயா! ஏண்டி முதல்லயே சொல்லல?... நான் எங்க பேசவிட்டேன், சரி சரி, சொல்லு... ரத்தமா?... ம்... ம்... குழந்தைக்குத் துடிப்பு இருக்குல்ல? டாக்டரே சொன்னாங்களா?... அப்பாடா. அசையாம படு...

எதுக்கு மன்னிப்பு?... அழாம சொல்லு... எந்த அட்டை?...

...இரு, இரு.

திரும்பச் சொல்லு. எனக்குன்னு சொல்லி எடுத்தப்போ வந்தது... சாராளோடதா? உனக்கு வந்ததுதான் ஆபிரகாமோடதா?... பயந்துட்டியா? வீட்டை விட்டுப் போகணும்னு பயந்து, அதை என் தலையில கட்டிட்டு என்னோடதை நீ வச்சுக்கிட்டியா? அடிப்பாவி! பைபிள்ல அண்ணனோட ஆசீர்வாதத்தைத் தம்பி தட்டிப் பறிச்ச கதையை உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானேடி! என்கிட்டயேவா?

...பேசாதே. நீ பேசாதே. உனக்கு வந்த வார்த்தைக்கு நான் கீழ்ப்படிஞ்சு, இந்தப் பொந்துக்குள்ள குனிஞ்சு கிடக்கேன்...

என்ன உளர்றே? அதுக்காக ஆண்டவர் பிள்ளையை எடுத்துக்குவாரா? யார் சொன்னா? நீ அட்டையை மாத்தினா அவருக்கு ஆள் மாறிப் போயிடுமா?... எனக்கு எப்போ பிள்ளை தருவாருன்னா? எனக்குத் தெரியாதுடி. அதை என்கிட்ட கேக்காதே...

இல்ல, உனக்காக ஜெபம் பண்ண மாட்டேன். இன்னிக்கு எனக்கு வாய் வராது. இன்னும் எரியுது. ஃபோனை ஸ்பீக்கர்ல போடு... போட்டியா? வயித்து மேல வை... வைடி, சொல்றேன்ல!

கண்ணு... பெரியம்மா பேசறேன். உங்கம்மா ஒரு திருடி. அவளை அப்புறம் கவனிச்சுக்கறேன். நீ வந்த வழியே திரும்பிப் போகக் கூடாது, கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு அங்கயே இரு. ஆண்டவரே, இது எங்க பிள்ளை... இது எங்க பிள்ளை, விட்டுடாதீங்க...

ம், ஃபோனைக் காதுக்கு எடுத்துக்கோ. கண்ணைத் துடை... கடையைப் பூட்டிட்டு வர்றேன்... ஆமா, இப்பவேதான். இந்தத் தடவை எங்க போறேன்னு எனக்கு நல்லாத் தெரியும். வை ஃபோனை.